பாறையின் மேல் ஏழு நண்டுகள்

சென்ற ஆண்டு மே மாதம் இருபத்து மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை. காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். வானம் சாம்பல் பூத்திருந்தது. காற்று அசையவில்லை. முதல் நாள் வெயில் சுவருக்குள்ளேயே தங்கிவிட்டதுபோல வீடு கொதித்தது.

அந்த நிமிடத்தில்தான் என் மகளுடைய ஏழு நண்டுகளையும் கொல்லத் தொடங்கினேன். ஆறு நாள் கழித்து, அந்தப் பழியை என் மருமகன் பலராமன்மேல் போட்டேன்.

சொல்லிவிட்டேன்...

நீங்கள் சிரிக்கலாம். ஆரணியில் ஒரு கிழவன், அறுபத்தொன்பது வயதில், நண்டு செத்ததற்கு வாக்குமூலம் எழுதுகிறானா என்று கேட்கலாம். சிரித்துவிட்டு மேலே படியுங்கள். கடைசிவரை சிரிக்க முடிந்தால் நீங்கள் பாக்கியசாலி.

முதலில் என்னைப் பற்றி. வீடு வீடாகப் போய் மின்மீட்டர் பார்த்து எழுதும் வேலையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுகிற புத்தி ஓயவில்லை. மாடிப்படி பதினாறு. தெருமுனைக் கடைக்கு இருநூற்றுப் பத்து எட்டு. மனைவி போய் ஆறு ஆண்டுகள். ரேவதி ஒரே மகள். பட்டுப் புடவைக்குக் கரையும் முந்தானையும் கணினியில் வரைந்து தறிக்காரர்களுக்குக் கொடுப்பவள்.

அவள் கணவன் பலராமன் பட்டுநூலுக்குச் சாயம் ஏற்றுபவன். சொந்தப் பட்டறை. ஊரில் பாதிப் புடவைகளின் நிறம் அவன் கையில் கொஞ்சம் ஒட்டியிருக்கும். நல்லவன். ஆனால் ஒருமுறை, பட்டறைக்குப் புதுக் கொதிகலன் வாங்க, ரேவதியின் சங்கிலியையும் இரண்டு வளையலையும் அவளிடம் சொல்லாமலே அடகு வைத்தான். ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது பீரோவைத் திறந்தவள், அப்படியே மூடிவிட்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பதினோரு மாதத்தில் அவன் நகையை மீட்டுக் கொண்டுவந்து வைத்தான். அவள் வாங்கிக்கொண்டாள். போகவில்லை.

"நகை இல்லப்பா" என்றாள் என்னிடம். "சொல்லாம செஞ்சான் பாரு... அதான்."

இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

வந்த சில மாதத்தில் அந்தத் தொட்டியைக் கட்டத் தொடங்கினாள். யாரோ விற்ற பழைய நான்கடிக் கண்ணாடித் தொட்டி. அதில் பாதிக்குக் கடல் உப்புக் கரைத்த நீர். மீதியில் நீருக்கு மேலே எழும் பாறை. சிமெண்டும் ஓட்டுத்துண்டும் குழைத்து, மாதக்கணக்கில் ஊறவைத்துக் காரம் போக்கி, மூன்று அடுக்காக அவளே செய்தாள். மேலடுக்கிலிருந்து ஒரு சிறிய அருவி ஒழுகும். நீருக்கடியில் கல்லில் ஒட்டியபடி பச்சைப் பொத்தான்கள் போலச் சில உயிர்கள் விரிந்து சுருங்கும். அலை வந்து போவதுபோல் மோட்டார் நீரைத் தள்ளும். கடலை வாழ்நாளில் நான்கே முறை பார்த்த எனக்கு, கூடத்திலேயே கடற்கரையின் ஒரு துண்டு!

எனக்குப் பிடிக்கவில்லை என்றுதான் சொன்னேன். கரண்ட் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். சுவரில் உப்புப் பூக்கிறது என்றேன். மோட்டார் சத்தத்தில் செய்தி கேட்கவில்லை என்றேன்.

நண்டுகளைக் கொண்டுவந்தவன் பலராமன். எப்படியோ தொட்டி விஷயம் அவன் காதுக்குப் போயிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூடி துளையிட்ட பெயிண்ட் வாளியோடு வாசலில் நின்றான். புதுச்சேரிப் பக்கத்துக் கடற்பாறையில் பிடித்ததாம். உள்ளங்கை அகலம்கூட இல்லாத, கரும்பச்சையில் வெள்ளைக் கோடு போட்ட ஏழு பாறை நண்டுகள்.

"கொழம்பு வெக்கிறதுக்கா?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு வேணும்னா வேற வாங்கியாறேன் மாமா. இவங்க ரேவதி வீட்டு விருந்தாளிங்க."

உள்ளேயிருந்து ரேவதி சிரித்த சத்தம் கேட்டது. இரண்டு ஆண்டுகளில் முதல்முறை... ஆமாம், எண்ணித்தான் சொல்கிறேன்.

அந்த நண்டுகள் பாதி நேரம் நீரில், பாதி நேரம் பாறையில். நீரை விட்டு வெளியே வந்தாலும் செவுளில் கொஞ்சம் ஈரம் வைத்திருக்கும். அது வற்றும்போது இறங்கி நனைத்துக்கொண்டு மறுபடி ஏறும். ஏறுவதில் மன்னர்கள். முதல் வாரமே ஒன்று தப்பித்து என் செருப்புக்குள் குடியேறிவிட்டது. நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டார் வந்துவிட்டார்கள். பிறகு ரேவதி மரச்சட்டத்தில் நைலான் இழை கட்டி, தறியில் அறுந்த இழையைச் சேர்க்கும் முடிச்சுப் போட்டே ஒரு வலைமூடி பின்னினாள்.

எனக்கு அவற்றால் ஒரு தீராத தொல்லை இருந்தது. ஏழையும் ஒருசேர எண்ண முடியாது! நான்கு மேலே இருக்கும், இரண்டு நீரில் தெரியும், ஒன்று எங்கோ இடுக்கில். ஒரு நாள் எட்டு வந்தது. பதறிப்போய் ரேவதியைக் கூப்பிட்டேன்.

"அது சட்டப்பா. ஓட்ட உரிச்சிப் போட்டுகீது" என்றாள்.

தினமும் காலையில் எண்ணிப் பார்க்காமல் எனக்குக் காபி இறங்காது என்று ஆனது. பிடிக்கவில்லை என்று சொன்னேனே... பொய்தான் போலிருக்கிறது.

ஞாயிறுதோறும் பலராமன் வந்தான். தொட்டியைச் சுத்தம் செய்யும் சாக்கு. இருவரும் தலையோடு தலை ஒட்டிக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். நான் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொள்வேன்.

மே மாதம் ரேவதி காஞ்சிபுரத்துக்கு எட்டு நாள் வேலையாகப் போக வேண்டிவந்தது. புறப்படும்முன் என்னை நிறுத்திப் பாடம் சொன்னாள். வெயிலில் தொட்டி நீர் ஆவியாகும். உப்பு மட்டும் ஆவியாகாது. ஆகவே தினமும் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும். அதற்காகச் சுத்திகரித்த தண்ணீர் இரண்டு கேன் வாங்கி வைத்திருந்தாள். கண்ணாடியில் சிவப்பு நாடா ஒட்டி அளவு காட்டினாள்.

"இந்தக் கேன் தண்ணி மட்டும்தான்பா. வேற எதுவும் வேணாம். மறந்துடாத."

மறக்கவில்லை. நான் எதையும் மறப்பவன் இல்லை. அதுதான் என் துன்பமே.

ஆனால் எனக்கு ஒரு கொள்கை இருந்தது. கேன் தண்ணீர் செத்த தண்ணீர். யந்திரத்தில் போட்டுச் சத்தையெல்லாம் பிழிந்துவிட்ட சக்கை. முட்டிவலிக்காக நான் அந்த ஆண்டு பொங்கல் கழிந்ததும் ஒரு செப்புக்குடம் வாங்கியிருந்தேன். இரவு நிரப்பி வைத்து, காலையில் வெறும் வயிற்றில் இரண்டு டம்ளர். செம்பில் தங்கிய தண்ணீருக்கு உயிர் வந்துவிடும் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டதில்லையா நீங்கள்? நானும் கேட்டேன். நம்பினேன்.

வாயில்லாத ஜீவன்கள், இந்த வெயிலில் ஏன் சக்கைத் தண்ணீர் குடிக்க வேண்டும்?

வியாழன் மாலை குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன். வெள்ளிக்கிழமைக்குப் பாத்திரம் துலக்குவது என் மனைவி காலத்து வழக்கம். பொன்போல் மின்னியது. கேன் தண்ணீரை அதில் ஊற்றி இரவெல்லாம் வைத்தேன். மறுநாள் காலை, ஐந்து நாற்பதுக்கு, சிவப்பு நாடாவைத் தொடும்வரை தொட்டியில் ஊற்றினேன். நான் இரண்டு டம்ளர் குடித்தேன். மீதியை அவற்றுக்குக் கொடுத்தேன். என் குடத்திலிருந்து!

அன்பாகத்தான் செய்தேன். இதை எத்தனை முறை எனக்கே சொல்லிக்கொண்டிருப்பேன்... எண்ணிக்கை இல்லாத ஒரே விஷயம் இதுதான்.

சனிக்கிழமையும் ஊற்றினேன். ஞாயிறும்.

ஞாயிறு காலை பலராமன் வந்தான். ரேவதி போனில் சொல்லி அனுப்பியிருக்கிறாள். முதல் நாள் முழுக்க மயில்கழுத்து நிறம் ஏற்றியிருக்கிறான், மணிக்கட்டுவரை நீலப்பச்சை. கொல்லைக் குழாயில் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினான். துண்டு எடுத்துக் கொடுத்தவன் நான். துண்டில் நிறம் ஒட்டவில்லை. அதையும் பார்த்தேன். தோலில் ஊறிய நிறம், கழுவினால் போகாது. ஆனால் கரைந்தும் வராது.

வலைமூடியைத் தூக்கி, மோட்டாரில் சிக்கிய பாசியை எடுக்கக் கையை நீரில் விட்டான். பிறகு குனிந்து பார்த்தான்.

"இன்னா மாமா, அஞ்சு பேரு மேலயே குந்திகினு கீறாங்க? தண்ணில எறங்கலியா?"

"வெக்கையா இருக்குல்ல. காத்து வாங்குதுங்க" என்றேன்.

அவன் போகாமல் நின்றான். கையைத் துடைத்த துண்டையே மறுபடி மடித்தான்.

"மாமா... ஆடி போவட்டும், ஆவணில ரேவதிய இட்டுகினு போலாம்னு இருக்கேன். அவளும் சரின்னுட்டா. உங்ககிட்ட நான்தான் சொல்லணும்னா. இந்தத் தடவ எதையும் சொல்லாம செய்யக்கூடாதுன்னு..."

நான் பேப்பரை எடுத்து உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

"தொட்டியயும் தூக்கிகினு போயிடுவோம் மாமா. உங்களுக்குக் கரண்ட் பில்லு பேஜாரு இல்ல" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். அவன் வண்டி தெரு திரும்பும் சத்தம்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு வீடு எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று யோசித்தேன். இரண்டு வேளைச் சோறு, மூன்று வேளைக் காபி, கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு குரல்... இதெல்லாம் ஆவணியோடு சரி.

திங்கட்கிழமை காலை ஓர் அதிசயம் நடந்தது. ஏழு நண்டுகளும் பாறையின் மேலடுக்கில் இருந்தன! ஒன்றின் காலை ஒன்று தொட்டபடி, அருவிக்குக்கூட ஒதுங்கி, காய்ந்த இடத்தில். முதல்முறையாக ஒரே பார்வையில் ஏழையும் எண்ணினேன். மறுபடி எண்ணினேன். ஏழு! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னைப் பார்க்கத்தான் மேலே வந்து உட்கார்ந்திருக்கின்றன என்று நினைத்தேன். செம்புத் தண்ணீரின் தெம்பு என்றும் நினைத்தேன்.

நினைத்துவிட்டு, அன்றைய தண்ணீரையும் ஊற்றினேன்.

அந்தக் காட்சியின் பொருள் இப்போது எனக்குத் தெரியும். நீர் நஞ்சாகிவிட்டது, அவை ஓடி வந்து கரையேறியிருந்தன. ஆனால் செவுள் காய்ந்தால் இறங்கத்தானே வேண்டும்? இறங்கினால் நஞ்சு. ஏறினால் வறட்சி. அந்தச் சாண் அகலப் பாறையில் ஏழும் உட்கார்ந்து கடைசி ஈரத்தை வைத்து மூச்சு விட்டுக்கொண்டிருக்க... எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் எண்ணி மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

செவ்வாய் மூன்று. புதன் நான்கு. மீதம் இல்லை. பச்சைப் பொத்தான்களும் சுருங்கிக் கறுத்துவிட்டன.

வியாழன் மாலை ரேவதி வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. தொட்டியின் முன் நின்றுகொண்டே இருந்தாள். நான் போனில் சொல்லியிருக்கவில்லை. சொல்லத் துணிவில்லை.

"எப்படிப்பா? போற அன்னிக்கு நல்லாதானே இருந்துச்சு. யாரு இன்னா போட்டாங்க?"

"எனக்கு இன்னாம்மா தெரியும்... ஞாயித்துக்கெழம அவரு வந்து கைய விட்டாரு. கையெல்லாம் சாயம்."

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, பாருங்கள். அப்போது எனக்கே காரணம் தெரியாது. புலம்பலாகத்தான் சொன்னேன். அல்லது அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

அவள் சென்னையில் தான் கடலுப்பு வாங்கும் கடைக்காரரைப் போனில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். அவர் நிதானமாகக் கேட்டார்.

"மேடம், தண்ணில செம்பு ஏதாச்சும் பட்டுதா? காசு, கம்பி, பாத்திரம் எதுனா? செம்பு கொஞ்சம் கலந்தாலும் நண்டு, எறால், இந்தப் பூ மாதிரி இருக்கறது, ஒண்ணும் நிக்காது."

நான் திரும்பிப் பார்த்தேன்.

அடுக்களை மேடையில், என்னிடமிருந்து ஆறே எட்டில், செப்புக்குடம் இருந்தது. மூடியின் மேல் டம்ளர் கவிழ்த்து. மாலை வெயில் பட்டு மின்னியது.

"செம்பெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, கேன் தண்ணிதானே ஊத்தின?"

உங்களிடம் கேட்கிறேன். அந்த இடத்தில் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

நான் சொன்னேன்: "ஆமா."

கேன் தண்ணீர்தானே! கேனிலிருந்துதானே வந்தது! நடுவில் ஓர் இரவு அது எங்கே தங்கியது என்று அவள் கேட்கவில்லையே!

கடைக்காரர் தொடர்ந்தார். "அப்பிடின்னா சாயம், மருந்து ஏதாச்சும்? சில நீலம், பச்சை சாயத்துல செம்பு இருக்கும் மேடம்."

ரேவதி போனை அணைத்துவிட்டாள். நீலம், பச்சை. மயில்கழுத்து. எல்லாம் தானாகவே பொருந்திக்கொண்டது. நான் ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு அவனை அழைத்தாள். பழக்கத்தில் மறுபடி ஸ்பீக்கரையே அழுத்திவிட்டாள். ஆகவே நான் கேட்டேன்.

"சோப்பு போட்டுதான் கழுவுனேன் ரேவதி" என்றான். "ஆனா தோல்ல ஏறுனது போயிருக்காது. என்னாலதான் இருக்கும். மன்னிச்சிடு."

அவன் மறுத்திருக்கலாம். கத்தியிருக்கலாம். 'உங்க அப்பாதான் துண்டு குடுத்தாரு, அவர கேளு' என்று ஒரு வார்த்தை... என்னைக் கேட்டிருந்தால் நான் உடைந்திருப்பேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை.

"ஒரு போன் போட்டு, கையில சாயம் கீது, விடலாமான்னு கேக்க முடியாதா உன்னால?" ரேவதியின் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "உனக்கு எப்பவும் இதேதான். செஞ்சிட்டு அப்புறம்தான் வாய தொறப்ப. நான் எப்படி வருவேன் சொல்லு? எத நம்பி வருவேன்?"

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லாமல் செய்தவன் அவளுக்கு ஆறடி தூரத்தில் நின்றிருந்தான். அவள் பார்த்துக்கொண்டிருந்ததோ வேறு திசையில்.

அடுத்த ஞாயிறு அவன் வந்தான். அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. ஆவணி வந்து போயிற்று. இருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள். இந்தத் தை மாதம் பிரிந்துவிட்டதாகத் தீர்ப்பும் வந்துவிட்டது.

இத்தனை மாதத்தில் சொல்ல எத்தனை வாய்ப்பு! காபி கொண்டுவந்து வைக்கும் ஒவ்வொரு முறையும் வாய்வரை வரும். காபியோடு சேர்த்து விழுங்கிவிடுவேன். மகள் வாழ்க்கை முக்கியமா, கிழவனின் காபி முக்கியமா? கேள்வியாக எழுதும்போது விடை எவ்வளவு சுலபமாக இருக்கிறது! அவள் முகத்தைப் பார்த்தால் மட்டும்... உண்மையைச் சொன்னால் அவள் அவனிடமும் போகமாட்டாள், என்னோடும் இருக்கமாட்டாள் என்று வாதாடுகிறேன். இரவல் வாங்கிய நியாயம். என்னிடம் சொந்தமாக எதுவும் இல்லை.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். போன வாரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் பலராமனைப் பார்த்தேன். ஒதுங்கிப் போகத்தான் திரும்பினேன். அவனே எழுந்து வந்தான்.

"உக்காருங்க மாமா. முட்டி எப்பிடி கீது?"

இன்னமும் மாமா!

டீ வாங்கிக் கொடுத்தான். வாங்கும்போது அவன் கையைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அவனைத் தெரிந்த இத்தனை ஆண்டுகளில் அந்தக் கையின் சொந்த நிறத்தை அன்றுதான் பார்த்தேன்.

நான் பார்ப்பதைப் பார்த்தான். "கிளவுஸ் போட்டுகினுதான் வேல செய்றேன் மாமா இப்பல்லாம். பசங்க கிண்டல் பண்ணுவானுங்க, டாக்டரு வந்துட்டாருன்னு." சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரேவதி வேற நண்டு ஏதாச்சும் விட்டாளா?" என்றான்.

"இல்லப்பா."

"விடச் சொல்லுங்க. நான் இந்தப் பக்கம் வரமாட்டேன்னு சொல்லுங்க."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

தொட்டி இன்றும் கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ரேவதி நீரை முழுக்க மாற்றிவிட்டாள். நண்டு விடவில்லை, தொட்டியை அணைக்கவும் இல்லை. அலை வருகிறது, போகிறது. பாறையின் மேல் யாரும் இல்லை. காலையில் எழுந்ததும் என் கண் மேலடுக்குக்குப் போய்விடுகிறது. பழக்கம். ஒன்று, இரண்டு என்று உதடு தொடங்கி நின்றுவிடுகிறது.

கணக்கில் ஒரு வரி மிச்சம். அதையும் எழுதிவிடுகிறேன்.

அந்தப் போன் பேச்சு நடந்த மறுநாள் காலை, ரேவதி எழும்முன், செப்புக்குடத்தைத் துணிப்பையில் போட்டுப் பஜாருக்குக் கொண்டுபோனேன். வாங்கிய கடையிலேயே கொடுத்தேன். கடைக்காரர் தட்டிப் பார்த்தார்.

"புதுசாட்டம் கீதுங்களே சார்! நல்லா வெச்சிகீறீங்க. ஏன் பழசுக்குப் போடுறீங்க?"

"முட்டிவலிக்கு ஒண்ணும் கேக்கல" என்றேன். வீட்டில் ரேவதி கேட்டபோதும் அதையே சொன்னேன். அவள் தலையசைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்று முதல் மண்பானைத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு தினமும் என் தலைமாட்டில் வைக்கிறாள்.

குடத்தின் எடை ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம். வாங்கியது இரண்டாயிரத்து முந்நூற்று எழுபத்தைந்து ரூபாய்க்கு. பழைய செம்பு விலையில் திரும்பக் கிடைத்தது ஆயிரத்து இருநூற்று முப்பத்தைந்து. அன்றிலிருந்து இன்றுவரை இந்த வீட்டில் என் சோறு, காபி, கேட்கும் குரல் எதுவும் குறையவில்லை. ஆகவே இந்த விவகாரத்தில் என் கையைவிட்டுப் போனது, மொத்தம், ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.